வானூர்தித் துறை

எங்கள் தட்டாஞ்சாவடியிலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையம் நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். ஆயினும் விமானச் சத்தம் எங்களுக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. 2013-இல் பெங்களூருக்கு ஒரு விமானம் வந்து போயிற்று. அடுத்த ஆண்டே நின்றது. 2017-இல் ஐதராபாத்திலிருந்து ஒன்று வரத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையும் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு நிறுவனம் இரண்டு ஊர்களுக்கும் மீண்டும் விமானம் விட்டது. தொடங்குவதும் நிற்பதும் மறுபடி தொடங்குவதும் எங்களுக்குப் பழகிவிட்டன. இப்படிப்பட்ட ஊரில் குடியிருப்பவர்களுக்கு, வேறெங்கேனும் நின்றுபோன விமானத்தைப் பற்றிப் படித்தால் ஒரு பங்காளிப் பரிவு தோன்றுவது இயல்பே.

நாங்கள் என்று எழுதுவது தன்மைப் பன்மையின் பெருமிதத்தால் அன்று. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாங்கள் மூவர். அடுத்தடுத்த தெருக்களில் குடியிருப்பவர்கள். மாலை நடையிலும் கருத்தரங்கப் பயணங்களிலும் ஒன்றாகவே இருப்பவர்கள். இக்கட்டுரையில் உள்ள எண்ணங்களில் எது யாருடையது என்று பிரித்துச் சொல்வது எங்களுக்கே இயலாது.

லாஸ்பேட்டையில் விமானம் நின்றாலும் ஓடுதளம் அப்படியே கிடந்தது. சுற்றுச்சுவர் இருந்தது, காவலர் இருந்தார், பெயர்ப்பலகை இருந்தது. நிலத்தில் அமைந்த எதுவும் மூடப்பட்ட பின்னரும் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கும். நீரில் அமைந்த விமானத்தளம் ஒன்று மூடப்பட்டால் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விதான் எங்களைக் கொல்லத்து அஷ்டமுடிக் காயல் வரை இழுத்துச் சென்றது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது பேசிவிடலாம்; தமிழாசிரியர்களிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் இதைப் பொறுத்தே ஆகவேண்டும். நீரில் இறங்கும் விமானங்களில் இரு வகை உண்டு. அடிவயிறே படகாக அமைந்தது ஒன்று. அதைப் பறக்கும் படகு என்பார்கள். சாதாரண விமானத்தின் கீழே சக்கரங்களுக்குப் பதில் இரண்டு நீண்ட மிதவைகளைப் பூட்டியது மற்றொன்று. அம்மிதவைகளுக்குள் சக்கரங்களையும் மடக்கி வைத்தால் நிலம், நீர் இரண்டிலும் இறங்கும். இவை எல்லாவற்றையும் நாளிதழ்கள் கடல் விமானம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன, இறங்குவது ஏரியாக இருந்தாலும். ஊர்திக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அது வந்து சேரும் இடத்துக்கு? கேரளத்தில் ‘வாட்டர்டிரோம்’ என்றே எழுதினார்கள். தமிழில் நீர்நிலை விமானத்தளம் என்று நீட்டி முழக்குவதைக் காட்டிலும், நம்மிடம் உள்ள ‘துறை’ என்ற ஈரெழுத்துச் சொல்லே போதும் என்பது எங்கள் கருத்து.

துறை என்பது நீரில் இறங்கும் இடம். குளிப்பதற்கு இறங்கினாலும் துறை, துணி வெளுக்க இறங்கினாலும் துறை, கலம் வந்து சேர்ந்தாலும் துறை. அகப்பொருளில் பாடலின் சூழலுக்குத் துறை என்று பெயர். நாங்கள் சம்பளம் வாங்கும் இடத்துக்கும் அதுதான் பெயர். நெய்தல் நிலத் தலைவனைத் துறைவன் என்றே சங்கப் புலவர்கள் அழைத்தார்கள். ஒரு துறைக்கு இலக்கணம் என்னவென்றால், அங்கே பலரும் இறங்கலாம். மாடும் இறங்கும், மனிதரும் இறங்குவர். சாதியின் பேரால் துறைகளை மறித்த கொடிய வரலாறும் நமக்கு உண்டு. அதனால்தான் பொதுத்துறைக்கான போராட்டங்களும் நடந்தன. வானூர்திக்கென்று ஒரு துறை அமைத்தால் இந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை அஷ்டமுடியில் கண்டோம்.

அஷ்டமுடி எட்டுக் கிளைகளாகப் பிரிந்து கிடக்கும் காயல். கல்லடையாறு ஒருபுறம் வந்து சேர, நீண்டகரையில் கடலோடு கலக்கிறது. 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இக்காயலில் 2013 ஜூன் 2-ஆம் நாள் அன்றைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி கடல் விமானத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிதவைகள் பூட்டிய சிறிய செஸ்னா விமானம் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குப் பறந்து, புன்னமடைக் காயலில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அஷ்டமுடி, புன்னமடை, குமரகம், கொச்சி போள்காட்டி, வடக்கே பேக்கல் என்று காயல்களையும் நீர்நிலைகளையும் கோத்து ஒரு சுற்றுலா வழி அமைக்கும் எண்ணம் அரசுக்கு இருந்தது. மிதவை மேடைகள், விரைவுப் படகுகள், பயணப் பொதிகளைச் சோதிக்கும் கருவிகள் என்று செலவும் செய்தார்கள்.

தொடக்க நாளிலேயே ஆலப்புழையில் மீனவர்கள் படகுகளோடு காயலில் இறங்கி மறித்தார்கள். விமானம் அங்கே இறங்க முடியவில்லை. அதன் பிறகு பேச்சுவார்த்தைகள் நடந்தன, குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் வந்தன. கட்டணம் கொடுத்து ஏறிய பயணியோடு அந்த விமானம் ஒரு நாளும் பறக்கவில்லை. தொடக்க விழாவே நிறைவு விழாவாகவும் அமைந்துவிட்ட தளங்கள் இவை.

கொல்லத்தில் ஒரு கருத்தரங்கை முடித்துக்கொண்டு, மீதமிருந்த அரை நாளில் நாங்கள் படகுத்துறைக்குப் போனோம். விமானம் இறங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் படகோட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அறுபது வயது இருக்கும்.

“அங்ஙனெ ஒண்ணும் இல்ல சாரே. வெள்ளம் மாத்திரம்.”

“பரவாயில்லை சேட்டா, அந்த வெள்ளத்தையே பார்க்கிறோம்” என்றோம்.

போகும் வழியெல்லாம் சீனவலைகள் நின்றன; காயலின் குறுக்கே கம்புகள் நட்டுக் கட்டிய ஊன்றுவலைகள் நின்றன. இடுப்பளவு நீரில் இருவர் நின்று காலால் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் படகின் பொறியை நிறுத்திவிட்டுப் படகோட்டி கையை நீட்டினார். அவர் சொன்னது உண்மைதான். நீர் மட்டுமே இருந்தது. காற்றில் மெல்லிய சுருக்கங்கள் ஓடின. ஒரு நீர்க்காகம் மூழ்கி வேறோர் இடத்தில் எழுந்தது.

அவரைப் பேசவைத்தோம். விமானத்தின் மீது தமக்குப் பகை எதுவும் இல்லை என்றார். வந்த அன்று பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனாராம். “காண நல்ல சேலாயிருந்து” என்று சிரித்தார். பிறகு விரலால் நீர்மேல் ஒரு நீண்ட கோடு வரைந்து காட்டினார். இங்கேயிருந்து அங்கே வரை வலை கூடாது, வள்ளம் கூடாது என்றால், இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கம் போவது எப்படி? மட்டி வாருகிறவன் எங்கே வாருவான்? “வண்டிக்கு ரோடு உண்டு. ஞங்களுக்கு இதுதான் ரோடு, இதுதான் வயல்.” இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் சொல்லியிருக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது.

அரசின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். விமானம் இறங்கவும் எழவும் சில நிமிடங்களே ஆகும், காயலில் அது கேட்பது ஒரு சிறு கீற்று இடத்தைத்தான் என்றார்கள். கணக்கில் பிழையில்லை. நீரின் இயல்பைத்தான் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நீரிலிருந்து எழும் விமானத்துக்கு முன்னால் நீண்ட தொலைவு தடையற்றுக் கிடக்க வேண்டும். மிதக்கும் ஒரு மரக்கட்டை போதும் மிதவையைக் கிழிக்க. எனவே அந்த நிமிடங்களுக்காக நாள் முழுவதும் அப்பகுதியைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். நிலத்தில் வேலி போட்டால் வேலிக்கு வெளியே உழலாம். நீரில் மீன் வேலியை அறியாது. அதைத் தொடர்ந்து போகிறவனும் அறியமுடியாது. காயலின் மேற்பரப்புக்கு யாரிடமும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் இழப்பீடு கேட்கத் தாளும் இல்லை. பரம்பரையாக வலை கட்டிய இடம் ‘காலியாக உள்ள நீர்ப்பரப்பு’ என்று ஒரு வரைபடத்தில் குறிக்கப்படும்போது, படகைக் குறுக்கே நிறுத்துவதைத் தவிர வேறு எந்த மொழியில் அவர்கள் மறுப்புச் சொல்ல முடியும்?

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழலாம். அதே புன்னமடையில் ஆண்டுக்கொரு நாள் நேரு கோப்பைப் படகுப் போட்டிக்காகக் காயலை முற்றாக ஒழித்துக் கொடுக்கிறார்களே, அதற்கு யாரும் குறுக்கே நிற்பதில்லையே? நிற்பதில்லைதான். சுண்டன் வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவன் அந்தக் கரைக்காரன். கோப்பை கிடைத்தால் ஊருக்குக் கிடைக்கிறது. தன் துறையைத் தானே ஒரு நாள் திருவிழாவுக்கு விட்டுக்கொடுப்பதும், தன்னைக் கேளாமல் பிறர் எடுத்துக்கொள்வதும் ஒன்றாகா.

அஷ்டமுடியின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பின்குறிப்பு உண்டு. விமானம் வந்துபோன மறு ஆண்டு, 2014 நவம்பரில், அக்காயலின் மட்டி மீன்பிடிப்புக்குக் கடல் மேலாண்மை மன்றத்தின் பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்தது. வளம் குன்றாமல் பிடிக்கிறார்கள் என்பதற்கான சான்று அது. இந்தியாவில் அச்சான்றைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான். நாங்கள் கண்ட அந்த இருவரும், இடுப்பளவு நீரில் காலால் துழாவிக்கொண்டு, அந்தச் சான்றுக்குரிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சுற்றுலாவுக்காகக் காலியென்று கருதப்பட்ட நீரில், உலகம் மெச்சிய ஒரு தொழில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய கதையன்று. அந்தமானில் 2010 டிசம்பர் இறுதியில் ‘ஜல் ஹன்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய சேவை சில ஆண்டுகளில் ஓய்ந்தது. குஜராத்தில் 2020 அக்டோபர் 31 அன்று சபர்மதி ஆற்றிலிருந்து படேல் சிலை இருக்கும் கேவடியாவுக்கு ஒரு விமானத்தைப் பிரதமரே தொடங்கி வைத்தார். கேவடியாவில் அது இறங்கும் ஏரியில் முதலைகள் இருந்ததால், முன்னதாகவே அவற்றைக் கூண்டில் பிடித்து வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். விமானம் மாலத்தீவிலிருந்து வந்தது. பராமரிப்புக்கும் மாலத்தீவுக்கே போய் வந்தது. 2021 ஏப்ரலில் சேவை நின்றது. மீனவன் மறிக்காத இடத்திலும் இது நிலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் மாலத்தீவில் மட்டும் எப்படி நிலைக்கிறது? அங்கே ஒரு நிறுவனம் மட்டுமே அறுபதுக்கு மேற்பட்ட நீர்விமானங்களை வைத்திருக்கிறது. உலகிலேயே பெரிய தொகுதி அதுதான் என்கிறார்கள். ஏறத்தாழ 1,200 தீவுகள், தீவுக்கொரு விடுதி, இடையில் கடல். நீர் அங்கே தடை. தடையைத் தாண்ட விமானம் தேவைப்படுகிறது. கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையில் நெடுஞ்சாலை ஓடுகிறது, தொடர்வண்டி ஓடுகிறது, படகும் ஓடுகிறது. நீர் இங்கே யாரையும் தடுக்கவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவே. அழகுக்காக மட்டும் இறக்கப்படும் விமானம் பயணச்சீட்டின் விலையிலேயே தன் முடிவை எழுதிக்கொண்டு வருகிறது. உப்புநீர் உலோகத்தை அரிக்கும். நாள்தோறும் நன்னீரால் கழுவ வேண்டும். இருட்டினால் இறங்க முடியாது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: அலையே இல்லாமல் கண்ணாடிபோல் நீர் கிடந்தால்தான் விமானிக்கு ஆபத்து மிகுதியாம். வானத்தின் பிம்பத்தில் நீர் எங்கே தொடங்குகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. சுற்றுலாச் சுவரொட்டிகள் விரும்பும் அந்த அசையாக் காயலை விமானி அஞ்சுகிறான்.

நீரில் விமானம் இறங்குவது நமக்குப் புதியதும் அன்று. 1930-களின் இறுதியில் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியா சென்ற பறக்கும் படகுகள் மேவாரின் ராஜசமந்த் ஏரியிலும் குவாலியரிலும் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் இறங்கிப் போயின. இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் தென்கரையில் கொக்கலைக் களப்பு பறக்கும் படகுகளின் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து எழுந்த காட்டலினா ஒன்றுதான், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. கனடாவைச் சேர்ந்த பர்ச்சால் என்ற தலைமை விமானியும் தோழர் சிலரும் உயிர் தப்பிச் சிறைப்பட்டார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் காட்டலினாக்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நில்லாமல் பறந்தன. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் காண முடிந்த பறப்பு அது. இப்படி 271 முறை கடந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் வீர வரலாறு. அதன் மறுபக்கத்தை எங்களுக்குக் காட்டியவர் ஒரு நாவலாசிரியர். சிங்கள நாவலின் பெருமகனான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-இல் பிறந்தது அதே கொக்கலையில்தான். தளத்துக்காகக் கிராமம் எடுத்துக்கொள்ளப்பட்டபோது வீடுகள் போயின. அவர் பிறந்த வீடு தப்பி நின்றது, இன்று நாட்டார் அருங்காட்சியகத்தோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் போர்க்காலத்தில், 1944-இல்தான், மரபான கிராம வாழ்வு குலைவதைச் சொல்லும் ‘கம்பெரலிய’ நாவல் வெளிவந்தது. நாவலின் குலைவுக்குக் காரணம் விமானங்கள் அல்ல. வணிகமும் பணமும் மாறும் காலமும். ஆனால் ஓர் எழுத்தாளன் தன் ஊர் மாறுவதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அந்த ஊரின் வீடுகள் கண்முன்னே அகற்றப்பட்டிருக்கின்றன என்ற செய்தி எங்களை நெடுநேரம் பேசாதிருக்கச் செய்தது. கொக்கலைக்காரர்களுக்குப் படகைக் குறுக்கே நிறுத்தும் வாய்ப்பும் இருக்கவில்லை. இப்போது அக்கரையில் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சென்னை குடிக்கும் நீரைத் தேக்கி வைக்கும் புழல் ஏரி, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வான்படையின் செங்குன்றம் தளமாக இருந்தது. 240-ஆம் படையணியின் காட்டலினாக்கள் அங்கிருந்தே வங்கக் கடலின் மேல் சுற்றி வந்தன. செங்குன்றத்தில் பத்தாண்டுகள் குடியிருந்த எங்கள் உறவினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஏரியில் எந்த அடையாளமும் இல்லையே என்றார். புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் யவனக் கலங்களோடு வணிகம் நடந்த இடம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடிகளின் உடைசல்களும் மணிகளும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டு கடந்தும் ஒரு துறை தன் ஓட்டுச் சில்லைக் காட்டுகிறது. எண்பது ஆண்டுக்கு முந்தைய புழல் தளமும், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய அஷ்டமுடித் தளமும், பார்க்கப் போகிறவனுக்கு நீரைத்தான் காட்டுகின்றன.

சுவடு இல்லாததில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. காயல் பழையபடி மீனவனிடம் திரும்பிவிட்டது. கான்கிரீட் போட்ட நிலம் அப்படித் திரும்புவதில்லை. தீமை என்னவென்றால், சுவடு இல்லாததால் மறதி எளிதாகிறது. அதே திட்டம் புதிதுபோல் மீண்டும் வருகிறது. 2024 நவம்பரில் கொச்சி போள்காட்டியிலிருந்து மூணாறு அருகே மாட்டுப்பெட்டி அணைக்கு ஒரு நீர்விமானம் சோதனையாகப் பறந்தது. 2013-இல் மறித்த மீனவர் பக்கம் நின்ற இடதுசாரி அணிதான் அப்போது ஆட்சியில் இருந்தது. காயல்களில் இறங்காமல் அணைகளில் இறங்கலாம் என்றார்கள். அணைப்பக்கம் யானைகள் நடமாடும் வழி என்று வனத்துறை கவலை தெரிவித்தது. முதலில் மட்டிக்காரன், அடுத்து முதலை, பிறகு யானை. யாருமில்லாத நீர் என்று ஒன்று நம் நாட்டில் இல்லையோ என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

எங்களுக்கும் அவ்விமானத்தில் ஏற ஆசை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சீவக சிந்தாமணி நடத்தும்போது, கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பும் இடத்துக்கு வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எந்த மாணவருக்கும் அங்கே உறக்கம் வருவதில்லை. வானத்தில் ஏறும் கனவு இந்த மொழிக்குப் பழையது. ஆனால் அந்தப் பொறியும் இறுதியில் எங்கோ இறங்கத்தான் வேண்டியிருந்தது. இறங்கிய இடம் சுடுகாடு. ஏறுவதைப் பற்றியே பேசும் திட்ட அறிக்கைகள் இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கேட்பது, கனவுக்கு எதிரானதாகாது.

புதுச்சேரியும் சுற்றுலாவை நம்பி வாழும் ஊர். நாளை சுண்ணாம்பாற்றிலோ, 2008-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியிலோ இப்படி ஒரு துறை அமைக்கலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். அப்போது வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் உள்ளவர்களை விழா மேடைக்கு அழைப்பதற்கு முன், வரைபடம் போடும்போதே அழைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அவர்கள் சம்மதித்தால் முதல் பயணச்சீட்டை நாங்களே வாங்குகிறோம்.

இறுதியாக ஒன்று. புழல், செங்குன்றம், அம்பத்தூர்ப் பக்கங்களில் உள்ள நண்பர்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்த பெரியவர்கள் இருந்தால், ஏரியில் விமானம் இறங்கிய நாட்களைப் பற்றித் தயவுசெய்து கேளுங்கள். அப்போது ஏரியில் மீன் பிடித்தவர்கள் யார், அவர்களை எங்கே போகச் சொன்னார்கள், போர் முடிந்ததும் திரும்பி வந்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். படையணியின் எண் ஆவணங்களில் இருக்கிறது. அந்த மனிதர்களின் பெயர்கள் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதற்கு இன்னும் நெடுநாள் இல்லை.